சுருங்கிப்போன ஆப்பிரிக்கா

செங்கடல் வழியாக வந்தால் வீட்டுப் படியேறாதே என்று சொல்லித்தான் அர்கீரோ புருஷனைக் கப்பலுக்கு அனுப்பினாள். அங்கே போகிற வருகிற கப்பல்கள் மீதெல்லாம் ஏமன் கரையிலிருந்து ஏவுகணை விட்டுக்கொண்டிருந்தார்கள். இசிதோரோஸ் தலையை ஆட்டிவிட்டுத்தான் போனான். கிரீஸின் கியோஸ் தீவுக் கப்பல்காரர்கள் எல்லோருக்கும் தலையாட்டத் தெரியும்.

சிங்கப்பூரில் கிளம்பிய கப்பல் இலங்கையைத் தாண்டியதும் அவள் கைபேசியில் கப்பல் போகும் இடத்தைக் காட்டும் வரைபடத்தில் காணாமல் போனது. இரண்டு நாள் கழித்து வீடியோவில் வந்தான்.

"சிக்னல் கோளாறு. ஆப்பிரிக்காவைச் சுத்தித்தான் வர்றோம். ஒரே குளிரு, ரெண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கேன்."

"அப்புறம் ஏன்யா மூஞ்சியெல்லாம் வேர்க்குது?"

"எஞ்சின் ரூம்ல நிக்கிறேன்."

"எஞ்சின் ரூம்ல எதுக்கு ஸ்வெட்டர்?"

இணைப்பு அறுந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆப்பிரிக்காவைச் சுற்றினால் ஈஸ்டர் முடிந்துதான் வர முடியும். ஈஸ்டருக்கு முந்தின நாள் மத்தியானம் பெட்டியோடு வாசலில் நின்றான்.

"என்னய்யா, ஆப்பிரிக்கா சுருங்கிப்போச்சா?"

"நீரோட்டம் நல்லா இருந்துச்சு."

அவன் உயிரோடு நின்றதில் வந்த சந்தோஷத்தை மறைக்க அவள் இன்னும் கொஞ்சம் கத்தினாள். அவன் அவசரமாக வந்த காரணத்தைக் கேட்கத் தேவையே இல்லை. அன்று ராத்திரி ஊரில் மாற்கு கோவில்காரர்களும் மாதா கோவில்காரர்களும் எதிரெதிரே நின்று, ஒருவர் மணிக்கூண்டின் மேல் மற்றவர் ராக்கெட் வாணம் விடுவார்கள்; எதிராளி மணியில் வாணம் பட்டால் ஜெயம். இசிதோரோஸ் மாற்கு கோவில். அர்கீரோ பிறந்த வீடு மாதா கோவில்.

"செங்கடல் வழியா போகச் சம்மதமான்னு கேப்டன் கேட்டாரு. மொதல்ல கையைத் தூக்குனது நான்தான்," என்றான் தரையைப் பார்த்து. "உங்கண்ணன் வருஷா வருஷம் எங்க மணியை அடிச்சிட்டு மீசையை முறுக்குறான். விட முடியுமா?"

"வாணம் விடுறதுக்காக ஏவுகணைக்கு நடுவுல வந்தியா? காபியைக் குடிச்சிட்டுக் கிளம்பு. உன் ஆத்தா வீட்டுல போய் இரு."

பெட்டியை அவளே வாசலில் வைத்தாள். பொழுது சாயும் நேரம். மாதா கோவில் பக்கமிருந்து வெள்ளோட்டமாக ஒரு வாணம் சீறிக்கொண்டு போனது.

திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் ஆளில்லை. காபி தரையில் ஓடியது. மேசைக்கடியில் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு கிடந்தான் இசிதோரோஸ். மீசை முளைக்கும் முன்பே வாணம் விடப் பழகியவன் அவன்.

வரைபடம் வெறுமையான நாளிலிருந்து அவள் சேர்த்து வைத்திருந்த வசவையெல்லாம் அப்படியே விட்டாள். அவளும் குனிந்து உள்ளே போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை வந்துச்சு?"

"ரெண்டு. ஒண்ணு தண்ணில விழுந்துருச்சு."

மற்றதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

வாசலில் மாற்கு கோவில் ஆட்கள் வந்து அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"அவரு வரல, போங்க," என்று மேசைக்கடியிலிருந்தே குரல் கொடுத்தாள் அர்கீரோ.

"உங்கண்ணன் மறுபடியும் ஜெயிச்சிருவான்," என்று முனகினான்.

"ஜெயிச்சுட்டுப் போறான்," என்றாள், கையை விடாமல்.