மாப்பிள்ளைக்கு அடிக்கும் கோழி

குஞ்சு விற்கும் ஹ்வாங் ஒரு கையில் செவலை நிற முட்டைக்கோழிக் குஞ்சையும், மறு கையில் தலையிலும் முதுகிலும் கோடு போட்ட நாட்டுக்கோழிக் குஞ்சையும் தூக்கிக் காட்டினான். "எது வேணும், சொன்ஹி அம்மா?"

மகள் சொன்ஹி செத்து மூன்று வருஷமாகிறது. குரே ஊர்ச் சந்தையில் ஓக்பூனுக்கு இன்னும் 'சொன்ஹி அம்மா' என்றுதான் பெயர். வீட்டிலும் அவள் புருஷனை 'சொன்ஹி அப்பா' என்பாள், அவர் அவளை 'சொன்ஹி அம்மா' என்பார். வேறு எப்படிக் கூப்பிட்டுக்கொள்வது என்று இருவருக்குமே தெரியவில்லை.

"யோசிக்க என்ன இருக்கு? முட்டைக்கோழியே குடு" என்றார் புருஷன் பான்சோக். "தினம் முட்டை போடும். அடை உக்காந்துகிட்டு உயிரை வாங்காது."

"எப்பவும் நாட்டுக்கோழிதானே வாங்குவீங்க?" ஹ்வாங் இழுத்தான். "மாப்பிள்ளை வந்தா அடிக்க..."

"எந்த மாப்பிள்ளை?" என்று சீறினார் பான்சோக்.

ஹ்வாங் அட்டைப்பெட்டியை எடுத்துச் செவலைக் குஞ்சுகளைப் போட்டான்.

சொன்ஹி போன பிறகும் மருமகன் கியூஜின் வருஷா வருஷம் அவள் திதிக்கு வந்துகொண்டிருந்தான். போன மாதம் திதி இல்லாத நாளில் வந்து நின்றான். ஓக்பூன் நேரே கூண்டுக்குப் போனாள். மிச்சம் இருந்தது ஒரே பெட்டை, அதுவும் அடையில் உட்கார்ந்திருந்தது. அடைக்கோழியை ஊரில் யாரும் அடிப்பதில்லை, மாப்பிள்ளை வந்தால் மட்டும் அடிப்பார்கள். அடித்து, ஜின்செங் வேரும் பூண்டும் இலந்தையும் போட்டு வேகவைத்து, காலைப் பிய்த்து அவன் கிண்ணத்தில் வைத்தாள். அவன் தொடவே இல்லை. நெல் அறுப்பு முடிந்ததும் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போவதாகக் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னான்.

பான்சோக் எழுந்து முற்றத்துக்குப் போய், "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே!" என்று கத்தினார். அவன் பண்ணுவதில் தப்பில்லை என்று ஓக்பூனுக்குப் புத்தியில் உறைத்தது. மனசுதான் ஏற்கவில்லை. மறுநாள் கூண்டில் ஆறிக் கிடந்த முட்டைகளை எடுத்துத் தோட்டத்தில் புதைத்தாள். புதைக்கும்போது வாய்விட்டு அழுதாள்.

இப்போது பஸ் நிறுத்தத்தில், மடியில் செவலைக் குஞ்சுகள் கத்தும் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதமாக நெஞ்சில் வைத்திருந்ததைச் சட்டென்று சொன்னாள்.

"அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்லையாமுங்க."

"எந்தப் பொண்ணு?"

"அவன் கட்டிக்கப் போறவ. சின்ன வயசுலயே போய்ட்டாங்களாம். அவன் கிளம்புறப்ப தெருமுனை வரைக்கும் போனேன்ல, அப்பதான் கேட்டேன்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். அவனுக்குக் கோழி அடிக்க ஒரு மாமியார் இருக்க மாட்டாளேன்னு சொன்னேன், அவ்ளோதான்."

பான்சோக் காறித் துப்பினார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "சிகரெட் வாங்கிட்டு வரேன்" என்றார்.

சொன்ஹி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அவர் சிகரெட்டை விட்டுவிட்டார்.

பஸ் வந்துவிட்டது. அவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் நில்லுப்பா, வீட்டுக்காரர் வந்துடுவாரு" என்று டிரைவரிடம் கெஞ்சினாள். சந்தைக் கூட்டத்துக்குள்ளிருந்து பான்சோக் வேகவேகமாக வந்தார். அந்த வெயிலில் சட்டைக்கு மேல் போட்ட கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். ஒரு கை நெஞ்சை அணைத்துப் பிடித்திருந்தது.

"என்ன பெரியவரே, நெஞ்சு வலியா?" என்றார் டிரைவர்.

"நீ வண்டிய எடு."

ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தார். கோட்டுக்குள்ளிருந்து ஒரு கீச்சுக் குரல் வந்தது. ஓக்பூனின் மடியிலிருந்த பெட்டி மொத்தமும் அதற்குப் பதில் கத்தியது. அவர் மோவாய்க்குக் கீழே, காலர் இடுக்கில், கோடு போட்ட சின்னத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது.