கணவாய் அப்பன்

தூண்டிலில் மேலே வந்துகொண்டிருந்த கணவாயைக் கடல்நாய் பாதி வழியில் கவ்விக்கொண்டு போனது. பகமீலேயின் கயிற்று முனையில் கணவாயின் கைகள் மட்டும் தொங்கின.

"தின்னு தின்னு. உங்கப்பன் வீட்டுச் சொத்துதானே," என்றான்.

படகில் சமையல் பார்க்கும் டென்வர் சிரித்தான். "திட்டாத மச்சான். அது தாய்க்காரி. இங்க தின்னாத்தான் பாறைக்குப் போய்க் குட்டிக்குப் பால் குடுக்க முடியும்."

"அந்தப் பாறையில ஆயிரம் குட்டி கிடக்குது. தன்னோடது எதுன்னு எப்பிடித் தெரியும்?"

"ஒரு சத்தம் போடும். அதோட குட்டி மட்டும் பதில் சத்தம் போடும். அவ்ளோதான். கணவாய் அப்பிடியா? மணல்ல முட்டைய ஒட்டிட்டுப் போய்ச் செத்துடும். பிள்ளை மூஞ்சிய அது பாக்காது, அது மூஞ்சிய பிள்ளையும் பாக்காது." டென்வர் கண்ணைச் சிமிட்டினான். "உன்ன மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். பகமீலேயும் சிரித்தான். ஆனால் அன்று சோளக்களியைப் பாதியில் வைத்துவிட்டு, போனில் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தான்.

மகள் லிண்டிக்கு மூன்று வயது. கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்ததுதான். படகு கரையை ஒட்டி வந்து சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் அழைப்பான். அவளும் "அப்பா, அப்பா" என்று மூச்சுவிடாமல் பேசுவாள். என்னைத் தெரியாமலா போகும்?

தடைக்காலம் வந்தது. படகுகள் துறைமுகத்தில் ஓய்ந்தன. பகமீலே பேருந்து ஏறி லூசிகிசிகி பக்கத்திலிருக்கும் தன் ஊருக்குப் போனான்.

லிண்டி அவனைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

"உங்க அப்பாடி இது," என்றாள் அவன் மனைவி தெம்பீசா.

"இல்ல. அப்பா போன்ல இருக்காரு."

போனில் அவன் கொட்டுகிற பேச்செல்லாம் அந்தச் சின்னக் கண்களுக்கு முன்னால் எங்கோ போய்விட்டது. கை நீட்டினான். அவள் வீறிட்டாள்.

"நாளாகும் லிண்டி அப்பா. விடுங்க," என்றாள் தெம்பீசா.

நாளும் ஆனது. அவன் உள்ளே வந்தால் லிண்டி வெளியே போனாள். ஒரு மத்தியானம் அவன் வீட்டுக்குப் பின்னால் போய் நின்று, தெம்பீசாவின் போனுக்கு அழைத்தான்.

"அப்பா!" மண்சுவருக்கு உள்ளேயிருந்தும் அதே குரல் கேட்டது. "எங்க இருக்க?"

"கிட்டத்தான் கண்ணு."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நம்ம வீட்டுக்கு ஒரு ஆளு வந்திருக்கான். அம்மா பக்கத்துல படுக்கறான். என்னோட மோரையும் குடிச்சிட்டான்."

"கெட்டவனா?"

லிண்டி யோசித்தாள். "தெரியல. பேசவே மாட்டேங்கறான். நீ வந்து அவனப் போகச் சொல்லுப்பா."

"சரி," என்றான் பகமீலே. "சொல்றேன்."

அவள் சமாதானமாகி, கோழி குஞ்சு பொரித்த கதையை ஆரம்பித்தாள். அவன் சுவரில் சாய்ந்து 'ம்' கொட்டிக்கொண்டிருந்தான். நாலெட்டு வைத்தால் வாசல். அவன் அசையவில்லை.