கோயிலில் தீர்ந்த வழக்கு

கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. சாரல் அடிக்கிறது, உள்ளே தள்ளி உட்காருங்கள். ஒரு தோட்டமே வாயை மூடு என்றபோது மூடாத ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். அவள் செய்தது சரியா என்று நீங்களே சொல்லுங்கள்.

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்து கொழுந்து பறிப்பவள் நிரஞ்சலா. புருஷன் சதீஸ்குமார் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆறு வயதில் தனுஜா என்று ஒரே பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் காலுக்குச் சப்பாத்து வாங்க, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சதீஸ் டவுனுக்குப் போனான். சப்பாத்தை வாங்கிக் கொடுத்து, அவளை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு, சாராயத் தவறணைக்குள் நுழைந்தான். திரும்பும் வழியில் நட்ட நடுப்பகலில் ஆட்டோ ரோட்டோரத்துத் தண்ணிக் கானுக்குள் சரிந்தது. பிள்ளைக்குக் கை முறிந்தது.

பொலிஸ் வருமுன் கூடிய சனம் பிள்ளையைத் தூக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டது. கொய்யா மரத்திலிருந்து விழுந்தாள் என்று வீட்டு ஆட்கள் அங்கே சொன்னார்கள். பொலிஸ்காரர் சதீஸைப் பலூன் ஊதவைத்து, குடித்துவிட்டு ஓட்டிய குற்றத்தை மட்டும் எழுதி, பிணையில் விட்டார். பதுளைக் கோர்ட்டுக்குத் திகதியும் கொடுத்தார்கள்.

தோட்டத்தில் எந்தப் பிரச்சினையும் முதலில் தலைவரிடம்தான் போகும். தலைவர் நல்லையா கோயிலில் ஆட்களைக் கூட்டினார். சதீஸ் தண்டம் கட்டினான். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான்.

"முடிஞ்சிச்சு. போய் வேலையப் பாருங்க" என்றார் தலைவர்.

அப்படியே பார்த்தார்கள். கோயிலில் தீர்ந்த பிறகு கோர்ட்டு எதற்கு? திகதியன்று சதீஸ் ஆட்டோவை எடுத்துக்கொண்டு வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடப் போய்விட்டான். அடுத்த வாரம் காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரத்தில், பிடியாணையோடு ஜீப் வந்து நின்றது. ஆட்டோவிலிருந்து ஆள் இறக்கிக்கொண்டிருந்த சதீஸை அத்தனை பேர் முன்னாலும் ஏற்றிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியிலும் விஷயம் கசிந்திருந்தது. "எங்க லயத்துல கொய்யா மரமே இல்லையே" என்று பிள்ளை நர்ஸிடம் சொல்லிவிட்டாள். அது பொலிஸுக்குப் போனது. சாட்சி சொல்லும்படி நிரஞ்சலாவுக்கு அழைப்பு வந்தது. பிள்ளை வண்டியில் இருந்தாள் என்று அவள் சொன்னால் சதீஸ் மேல் இரண்டாவது குற்றம் ஏறும். மறியல், அதுதான் சிறை, அதுவும் கிடைக்கலாம்.

அன்றே தலைவர் வந்தார், மாமியார் இராக்கம்மாவும் கூடவே.

"பிள்ள வீட்லதான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிரு புள்ள. அவன்தான் சூடம் அடிச்சிட்டான்ல?"

"அவரு சூடம் அடிச்சது இது மூணாவது தடவ, தலைவரே. சாமி மறந்திருக்கும். எனக்கு மறக்கல."

இராக்கம்மா குறுக்கே பாய்ந்தாள். "தாலி கட்டினவன உள்ள தள்ளப் பாக்குறியா?"

"தாலி என் கழுத்துல இருக்கு அத்த. மாவுக்கட்டு உங்க பேத்தி கையிலதான இருக்கு."

"ஆட்டோ நின்னா சோத்துக்கு என்ன செய்வ?"

"இப்ப மட்டும் என்ன, நான் பறிக்கிற கொழுந்துலதான சோறு திங்கிறோம்?"

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அடுத்த திருவிழாவுக்கு உன் அர்ச்சனைத் தட்டு கோயிலுக்குள்ள வராது, பாத்துக்க."

"வாசல்ல நின்னு கும்பிட்டுக்கிறேன். அம்மனுக்குக் கண்ணு தெரியும்."

கோர்ட்டில் நீதவான் சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பவர் தமிழில் சொன்னார்: "விபத்து நடந்தப்போ பிள்ளை வண்டியில இருந்ததா? யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

சதீஸ் கூண்டிலிருந்து அவளைப் பார்த்தான். பின் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த தலைவர் செருமினார்.

"இருந்துச்சுங்க. முன் சீட்டுல, அவர ஒட்டி உக்காந்திருந்தேன்னு புள்ளயே என்கிட்ட சொல்லிச்சு. அவரு குடிச்சிருந்தாரு. கொய்யா மரம்னு சொன்னது பொய். அந்தப் பொய்ய நானும் சொன்னேன், அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க."

அவளை நீதவான் எச்சரித்ததோடு விட்டார். சதீஸ் இரண்டு குற்றத்தையும் ஒப்புக்கொண்டான். ஒரு வருஷம் லைசன் நிறுத்தம், அபராதம், ஒத்திவைத்த சிறை. மறுபடி இப்படிச் செய்தால் நேரே உள்ளே. மாதம் ஒருமுறை நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்ப்பார்.

வெளியே வந்து சதீஸ் கேட்டான், "இப்ப சந்தோஷமா?"

"சந்தோஷம் இல்ல. பயமும் இல்ல."

லயத்தில் யாரும் அவளோடு பேசவில்லை. தண்ணிக் குழாயடியில் பெண்கள் விலகி நின்றார்கள். "வழி விட்டதுக்குப் புண்ணியம்" என்று அவள் முதல் ஆளாய் வாளியை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

பிறகொரு திங்கட்கிழமை, கொட்டுகிற மழை. பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். "சந்தி வரைக்கும் ஆட்டோவ எடுடா, யாரு பாக்கப் போறா?" என்றாள் இராக்கம்மா. சதீஸ் சாவியை எடுத்தான்.

"நான் பாக்குறேன்ல" என்றாள் நிரஞ்சலா. பிள்ளையின் கையைப் பிடித்து மழையில் இறங்கினாள்.

பத்தடி போயிருப்பார்கள். பின்னால் காலடிச் சத்தம். சதீஸ் குடையோடு ஓடிவந்து பிள்ளையின் தலைக்கு மேலே பிடித்தான். மூன்று பேரும் சந்திக்கு நடந்தார்கள்.

என் கண்ணுகளா, உங்கள் வீட்டிலிருந்து காலையில் போகிற பிள்ளைகள் போனபடியே சிரித்துக்கொண்டு திரும்பி வரட்டும். அவர்களுக்காகப் பேச ஒரு வாய் உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். அடுப்பு அணையாமல் நல்லா இருங்கள்.