படித்துப் பார்த்துக் கையெழுத்து

நான் கோர்ட்டில் டைப்பிஸ்ட். சாட்சிகள் சொல்வதை அடித்து அடித்தே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. கேட்டதை விட்டுவிட்டு வேறு எதற்கோ பதில் வந்தால், அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது என்று என் விரலுக்கே தெரியும். அப்படிப்பட்ட என்னிடமே கதை விடுகிறார் என் வீட்டுக்காரர்!

அவர் தையல்காரர். போன வாரம் நீலச் சட்டைக்குப் பச்சை நூலில் பட்டன் தைத்துக் கொடுத்துவிட்டார். சட்டை திரும்பி வந்தது. கண் டாக்டரிடம் நான்தான் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் கொடுத்தேன்.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போகாம இருப்பேனா?"

"என்ன சொன்னார்?"

"டாக்டருங்க என்ன சொல்வாங்க? அது கிடக்கட்டும், முதுகு வலிக்குதுன்னியே, நீ போனியா?"

"நான் உங்க கண்ணைப் பத்திக் கேட்டேன்."

"எப்பப் பாரு விசாரணை! இது கோர்ட்டு இல்லம்மா, வீடு."

கேள்விக்குக் கேள்வி, பேச்சை மாற்றுவது, கடைசியில் என் மேலேயே பழி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும். அந்த முகத்தை வைத்துக்கொண்டு மனுஷன் பொய் சொல்லவே கூடாது.

விடுவேனா? நடந்த பேச்சை அப்படியே கேள்வி, பதில் என்று அடித்து, பிரிண்ட் எடுத்து நீட்டினேன். எங்கள் கோர்ட்டில் சாட்சி படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். குறும்புக்குக் கடைசியில் அவர் சொன்னதாக ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'இன்று முதல் பாத்திரம் எல்லாம் நானே கழுவுகிறேன்.' அதைப் பார்த்ததும் கத்துவார், அப்புறம் சிரிப்பார், சிரிக்கும்போதே உண்மையைக் கறந்துவிடலாம் என்று நினைத்தேன்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். தாளை மேலிருந்து கீழே வரை பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்காக நான் போட்டிருந்த கோட்டுக்கு ரெண்டு விரல் கீழே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கடைசி வரியில என்னங்க எழுதியிருக்கு?"

ஏதாவது ஜோக் அடிக்கப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கிளினிக் வாசல் வரைக்கும் போனேன். உள்ள போனா இனிமே தைக்கவே கூடாதுன்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்."

நான் தாளைக் கிழித்துப் போட்டேன்.

"நாளைக்கு நான் லீவு. ரெண்டு பேரும் போறோம்."

"உன் முதுகுக்கும் சேர்த்தா?"

"பேச்சை மாத்தாதீங்க."

அவர் கை மேஜைமேல் தடவித் தடவி என் கையைத் தேடியது. நான்தான் எட்டிப் பிடித்துக்கொண்டேன்.