பெல்ட் இல்லாத வீடு

வந்த அன்றைக்கே அந்த நாய்க்குச் சம்பந்தி என்று பெயர் விழுந்துவிட்டது. விழாமல் என்ன செய்யும்? ஐம்பத்திரண்டு கிலோ உடம்பை மெதுவாக நடத்திக்கொண்டு வந்து, கூடத்தை ஒரு பார்வை, சமையலறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதிலும் திருப்தியில்லாமல் பெருமூச்சு விட்டு வாசலோரம் உட்கார்ந்தால் வேறு என்ன பெயர் வைப்பது? வைத்தவர் அந்த வீட்டுக்காரர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பெயருக்குத் தகுந்த மரியாதையும் கூடவே ஒட்டிக்கொண்டது. "சம்பந்தி, சாப்பிட வாங்க" என்று அவர் கூப்பிட, மாடிப்படியில் போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்ததும் நடந்தது.

நாய் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது என்னவோ அவர் மனைவிதான். முன்னறையில் இரண்டு மெஷின் போட்டுத் தைக்கிற டெய்லர். நாய்க் காப்பகத்துக்காரர்கள் போட்டிருந்த படத்தை போனில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வேலை ஓடவில்லை. அவ்வளவு பெரிய முகத்தில் அவ்வளவு சின்னதாக ஒரு பார்வை. நாம் இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலே ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய வீட்டில் இந்த எருமைக்கு எங்கே இடம் என்று வீட்டுக்காரர் இரண்டு மாதம் இழுத்துப் பார்த்தார். அவளிடம் அதெல்லாம் பலிக்குமா?

கொண்டுவந்து விட்ட காப்பகத்து மேடம் கறாரான ஆள். மூடிக் கிடந்த ஒரு கிடங்கின் பின்பக்கம் மூன்று வருஷம் சங்கிலியில் கிடந்த நாய், காவலுக்கு இருந்தவன் பெல்ட்டைக் கழற்றித்தான் பேசுவான் என்று சொல்லி, முதுகில் முடி முளைக்காத கோடுகளை விரலால் விலக்கிக் காட்டினார். வீட்டில் பெல்ட் கண்ணில் படவே கூடாது. முப்பதாம் நாள் மறுபடி வருவார். யாரும் இழுக்காமல், தீனி காட்டாமல், இரண்டு பேரில் யார் கூப்பிட்டாலும் நாய் தானாக வரவேண்டும். வராவிட்டால் அன்றைக்கே திருப்பிக் கூட்டிப்போய்விடுவார். அதற்கான காரணத்தை டெய்லரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பகல் முழுக்க உங்ககூடதான் இருக்கப்போறான். உங்களப் பாத்துப் பயந்து மூலையில கெடந்தான்னா, இது வீடு இல்லைங்க. இன்னொரு கிடங்கு."

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மேடம் படியிறங்குவதற்குள் வேட்டையைத் தொடங்கிவிட்டாள். வீட்டுக்காரரின் மூன்று பெல்ட்டும் பரணுக்குப் போயின. பெட்டியைக் கட்டுகிற வார், பழைய கைப்பையின் தோள்வார், எதையும் விட்டுவைக்கவில்லை. அவரை நிற்கவைத்து இடுப்பை அளந்து எல்லா பேன்ட்டுக்கும் எலாஸ்டிக் வைத்துத் தைத்தாள். இந்த ஊரிலேயே எலாஸ்டிக்கோடு பஸ் ஓட்டுகிற ஒரே டிரைவர் தான்தான் என்று அவர் அலுத்துக்கொண்டார். ஆனால் ஒரு நாளும் மறக்காமல் அதைத்தான் போட்டுக்கொண்டு போனார்.

வேண்டாம் என்றவரிடம் நாய் நான்கே நாளில் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸை நிறுத்திவிட்டு அவர் தெருமுனை திரும்பும்போதே வால் தரையைப் பெருக்க ஆரம்பிக்கும். வேண்டும் வேண்டும் என்று தவமிருந்தவள் பக்கத்தில் வந்தாலோ, சம்பந்தி எழுந்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்விடுவார். பாதி உடம்புதான் அங்கே மறையும், மீதி நடுங்குவது வெளியே தெரியும். கோழியை வேகவைத்து எலும்பு பார்த்து எடுத்து வைப்பவள் அவள். அவள் அந்த இடத்தை விட்டுப் போன பிறகுதான் சம்பந்தி வாய் வைப்பார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை பயத்திலும் அந்த நாய் ஒரு தடவை பல்லைக் காட்டியதில்லை. உறுமியதில்லை. அவள் தரையில் விரித்து வெட்டுகிற துணியை ஒருநாளும் மிதித்ததில்லை, நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோரமாகச் சுற்றிப் போகும். வாடிக்கையாளர்களில் எத்தனை பேருக்கு அந்தப் புத்தி இருக்கிறது? அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

இருபதாம் நாள் மத்தியானம், தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பிவைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் கழுத்திலிருந்த இஞ்ச் டேப் நழுவி நிலைப்படியில் குறுக்காக விழுந்தது. அவள் கவனிக்கவில்லை, மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு ஜாக்கெட்டுக்குக் கை வைத்து முடித்து நிமிர்ந்தால், சம்பந்தி நிலைப்படிக்கு இந்தப் பக்கம் அப்படியே நிற்கிறார். நாக்கு தொங்குகிறது, கிண்ணம் அந்தப் பக்கம் இருக்கிறது. வேறு தடை எதுவும் இல்லை. அரை மணி நேரமாக அவர் பார்த்துக்கொண்டிருந்தது தரையில் நெளிந்து கிடந்த அந்த மஞ்சள் டேப்பைத்தான்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்தாறு வருஷமாகக் காலையில் தலை வாரியதும் கழுத்தில் போட்டுக்கொள்வது. சோறு தின்னும்போதும் கிடக்கும், கடைக்குப் போகும்போதும் கிடக்கும். வீட்டிலுள்ள வாரையெல்லாம் தேடித் தேடிப் பரணில் ஏற்றிய மகராசி, ஒன்றை மட்டும் மாலையாகப் போட்டுக்கொண்டு அந்த ஜீவனுக்குச் சோறு வைத்திருக்கிறாள். எலாஸ்டிக்குக்கு இடுப்பை அளந்ததும் இதே டேப்தான்.

சாயங்காலம் அதை வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

"இது ஒரு வாருன்னு எனக்குத் தோணவே இல்லைங்க. எனக்கு இது ஒரு கை மாதிரி."

அன்றோடு டேப் மேசை டிராயருக்குள் போனது. அளவெடுக்க வேண்டுமானால் திரைக்குப் பின்னால் மட்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை கை வெறும் கழுத்துக்குப் போய்த் திரும்பியது. சம்பந்தியும் ஃபிரிட்ஜை விட்டு வெளியே வந்தார். அவள் தைக்கும்போது எதிரே படுத்தார், வாலைக்கூட லேசாக ஆட்டினார். ஆனால் கூப்பிட்டால் நான்கடி தள்ளி நின்றுவிடுவார். நான்கடிதான், அவள் கண்ணளவு தப்பாது. அந்த நான்கடி இருபத்தொன்பதாம் நாள்வரை குறையவே இல்லை.

முப்பதாம் நாள் காப்பகத்து மேடம் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே வந்துவிட்டார். திரைக்குப் பின்னால் ஒரு நர்ஸம்மாவுக்கு யூனிஃபார்ம் அளவெடுத்துக்கொண்டிருந்தவள், குரல் கேட்டதும் அப்படியே வெளியே ஓடிவந்தாள். முதலில் வீட்டுக்காரர் கூப்பிட்டார். சம்பந்தி போய் மடியில் தலையை வைத்தார், அதில் என்ன சந்தேகம். அடுத்து அவள் ஜன்னலோர முக்காலியில் உட்கார்ந்தாள். யாரும் பேசக்கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார்.

"சம்பந்தி, வாங்க."

எழுந்தார். அவளைப் பார்த்தார். பின்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தன. பத்து நாளாக இல்லாத நடுக்கம். எதிரே வீட்டுக்காரர் தன் கழுத்தைத் தொட்டுத் தொட்டு ஏதோ ஜாடை காட்டினார். அழாதே என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடம் சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டார்.

சம்பந்தி ஓரடி வைத்தார். நின்றார். காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டன. வெட்டிப் போட்டிருந்த துணியைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாக, நடுங்கிக்கொண்டே வந்தார். வழக்கமாக நிற்கிற நான்கடியில் நின்றார். அங்கேயே நின்றுவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த நான்கடியையும் நடந்து வந்து, அந்தப் பெரிய தலையை அவள் மடியில் வைத்தார்.

இரண்டு கையாலும் அந்தத் தலையை அணைத்துக்கொள்ளக் குனிந்தாள். அப்போதுதான் பார்த்தாள். அவள் கழுத்திலிருந்து தொங்கிய மஞ்சள் டேப்பின் நுனி, அவருடைய முதுகுக் கோடுகளின்மேல் கிடந்தது.

மேடமும் அதைப் பார்த்துவிட்டார். சங்கிலியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பயம் போய்விட்டது போலிருக்கிறதே என்று மெல்லக் கேட்டார்.

"போகலீங்க," என்றாள் டெய்லர். "பயத்தோடயே வந்துட்டாரு."