நான்காம் பகுதியில் அக்கா சாகவில்லை

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. என் அக்கா விளையாட்டு ஆசிரியை. மைதானத்தின் மறுகோடியில் நிற்பவளையும் விசில் இல்லாமலே கூப்பிடும் தொண்டை அவளுக்கு. அவளுடைய இதயம் வீங்கித் தளர்ந்துவிட்டது. மனித இதயம் கிடைக்கவில்லை. மரபணு திருத்திய பன்றியின் இதயத்தைப் பொருத்திப் பார்க்கலாம் என்றார் மருத்துவர்.

"பன்னி இதயமா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றார் அத்தான்.

"அந்த நாலு பேர்ல யாராவது அவங்க இதயத்தைத் தர்றாங்களான்னு கேட்டுட்டு வாங்க," என்றாள் அக்கா.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பனிக்குளிரில், தன்னந்தனியே, ஓர் இதயம்...'

(வேண்டாம். அடித்துவிட்டேன்.)

நடந்தது இதுதான். அறுவைக்கு முன் மருத்துவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "உடம்பு ஏத்துக்குமாங்கறது ஒரு பயம். இன்னொண்ணும் இருக்கு. வெளியே எடுத்த இதயம் ரத்தம் இல்லாம குளிர்ல இருக்கும். பொருத்தி ரத்தத்தைத் திறந்துவிட்டதும் ஆக்சிஜன் ஒரேயடியா உள்ள பாயும். அதுல உண்டாகிற நச்சு, இதயத்தோட செல்களையே அரிக்கும். மருந்து குடுப்போம். முழுசாத் தடுத்துடலாம்னு பொய் சொல்ல மாட்டேன்."

அக்கா யோசித்தாள். "ஓடி வந்த பிள்ளை மடமடன்னு தண்ணி குடிச்சா புரையேறுமே, அந்த மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"சரி. புரையேறினா தலையில தட்டிவிடுங்க."

(இதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். கதையில் இப்படிப்பட்ட சொல் வரக்கூடாது என்றார் ஒரு நண்பர். என் அக்காவின் நெஞ்சுக்குள்ளேயே வந்துவிட்டது. கதைக்குள் வந்தால் என்ன?)

3

புது இதயம் துடித்தது. சில நாட்களிலேயே துவண்டது. அந்த முதல் பாய்ச்சலில் தசை அடிபட்டுவிட்டது என்றார்கள். இயந்திரத்தின் துணையில் ரத்தம் ஓடியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அத்தான், "நான் அப்பவே..." என்று தொடங்கி, முடிக்காமல் என் தோளில் சாய்ந்து அழுதார்.

வீட்டுக்குப் போய் நான்காம் பகுதியை எழுதினேன். அதில் அக்கா இறந்துபோனாள். அழகாக வந்திருந்தது.

4

(கிழிக்கப்பட்டது. காரணம் கீழே.)

5

அடிபட்ட தசை மெல்லத் தேறியது. இயந்திரத்தை எடுத்தார்கள். கண் விழித்துத் தெளிந்ததும் அக்கா கேட்டாள்: "என்னடா எழுதுறே? காட்டு." மழுப்பினேன். விடவில்லை. படித்தாள்.

"ஏன்டா என்னைக் கொன்னே?"

"கதைக்குக் கொஞ்சம் கனம் வரும்னு..."

"கனம் வேணும்னா என்னைத் தூக்கி உக்கார வை."

தூக்கினேன். கனமாகத்தான் இருந்தாள். எழுதியதைக் கிழித்தேன்.

6

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன. இந்த இதயம் பல்லாண்டு உழைக்கிறது. உடம்பு ஒருநாள் அதை வேண்டாம் என்கிறது. மனித இதயம் ஒன்று கிடைக்கிறது. எது நடக்கும் என்று மருத்துவருக்கே தெரியாதபோது நான் யார் முந்திக்கொள்ள? எழுத மாட்டேன். உங்களுக்கு வேண்டுமென்றால் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் காட்டிவிட்டு வையுங்கள்.

இப்போது அவள் மருந்து பாட்டில் தொங்கும் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு வார்டு தாழ்வாரத்தில் போகிறாள். பின்னால் வரும் அத்தானைத் திரும்பிப் பார்த்து அதட்டுகிறாள்: "என்னங்க நடை இது? கையை வீசி நடங்க!"

அவர் வீசுகிறார்.