பாதிப் பேச்சு

எழுபத்தெட்டாம் ஆண்டு மாசியில் அரியநாயகத்துக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் போனதோடு தமிழும் போயிற்று. தெற்கே சிங்கள ஊரான மாத்தறையில் நாற்பது வருசம் கடை வைத்திருந்த மனுசன், முந்தின வருச இனக்கலவரத்தில் கடையை இழந்து, ஒரு சூட்கேசோடு தீவிலுள்ள சொந்த ஊர் சரவணைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் வாய் திறந்தபோது வந்ததெல்லாம் சிங்களம். சிலருக்கு இப்படி வரும், பின்னுக்குப் பழகின பாஷைதான் மிஞ்சும் என்று டாக்குத்தர் சொன்னார். மனைவி நல்லம்மா அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

நல்லம்மாவுக்குச் சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருந்ததில்லை. முப்பத்தொரு வருசக் கலியாணத்தில் அவர் வருசத்துக்கு இரண்டு தரம் வருவார், பத்துப் பத்து நாள் நிற்பார். அந்த நாட்களிலும் "இஞ்சரும், தண்ணி", "இஞ்சரும், சாறம்" என்பதற்கு மேலே பேச்சில்லை. பிள்ளைகளும் இல்லை. மாத்தறையில் வேறு ஆரும் இருக்கினமோ என்று அயலட்டை வாய்க்குள் சிரித்ததுண்டு, அதை நினைத்து அவள் அழுததுமுண்டு. இப்போது அதே மனுசன் நாள் முழுக்கக் கதைக்கிறார், தன்பாட்டில் சிரிக்கிறார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவள் ஆரென்று அவருக்கும் விளங்கவில்லை. தனியாக இருந்து பழகியவள்தான். ஆனால் ஒருவர் பக்கத்தில் கிடந்து வாய் ஓயாமல் கதைக்கும்போது வருகிற தனிமையை அவளால் தாங்க முடியவில்லை. ஒருநாளாவது அவரோடு இருந்து கதைக்கவேண்டும், தான் ஆரென்று அவருக்குத் தெரியவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

நாலு வளவு தள்ளி, கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஆழ்வாப்பிள்ளை இருந்தார். ஐம்பத்தாறாம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு, உத்தியோகத்தைக் காப்பாற்றச் சிங்களச் சோதனை எழுதி, மூன்றாவது முறையில் சித்தியடைந்தவர். நல்லம்மா போய்ச் சிங்களம் படிப்பிக்கச் சொல்லிக் கேட்டதும் அவருக்கு வாயெல்லாம் பல். அலுமாரியைத் திறந்து ஐந்து கொப்பிகளை எடுத்து வைத்தார்.

"முதல் எழுத்து, பிறகு வேற்றுமை, பிறகுதான் வசனம். நான் எட்டு மாதம் எழுத்து மட்டும் எழுதினனான், தெரியுமோ?"

"எட்டு மாதம் அவர் இருப்பாரோ தெரியாது, அண்ணை."

ஆழ்வாப்பிள்ளை கொப்பிகளைக் கக்கத்தில் இடுக்கினார். நேரே வந்து பேசிப் பார்க்கிறேன் என்று சால்வையைப் போட்டுக்கொண்டு வந்தார். கட்டிலடிக் கதிரையில் நிமிர்ந்திருந்து, இலக்கணம் பிசகாத ஒரு நீண்ட வசனத்தைச் சிங்களத்தில் சொன்னார். அரியநாயகம் நடுங்கிப்போய் இடது கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். கடையைச் சோதிக்க அரசாங்க ஆள் வந்துவிட்டாரென்று நினைத்திருக்க வேண்டும். அன்று பொழுதுபடும்வரை அவர் வாயே திறக்கவில்லை. கொப்பிகள் வந்த வழியே திரும்பிப் போயின.

நல்லம்மா தன் வழியில் இறங்கினாள். குசினியில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் பிடித்தாள். உப்பு, புளி, தேங்காய், சீலைத் துண்டு. அவர் பேர் சொல்வார். அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே அடுப்படிக்குப் போவாள், உலை கொதிக்கும்வரை சொல்லிக்கொண்டு நிற்பாள். பேரிலிருந்து சிறு வசனங்களுக்கு வந்தாள். ஆடி பிறக்கும்போது அவர் கதைப்பது முக்கால்வாசி விளங்கிற்று. விளங்கியதும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மனுசன் கட்டிலில் கிடந்தபடியே கடை நடத்திக்கொண்டிருந்தார். "மொனவத ஓனே?" என்ன வேண்டும்? பருப்பு நேற்றுத்தான் வந்தது, நல்ல பருப்பு. மகளுக்குக் காய்ச்சல் விட்டுதா?

அவளும் ஆசையோடு "மொனவத ஓனே?" என்றாள். அரியநாயகம் திகைத்துப் பார்த்தார். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வாயிலிருந்து பொறுக்கியது, அத்தனையும் கடைக்காரன் பேச்சு. இரண்டு முதலாளிமார் ஒரு கடையில் இருந்தால் வாங்குகிறது ஆர்? வாங்க வருகிற சனம் பேசுகிற மற்றப் பாதி அவளிடம் இல்லை.

அதைத் தேடி நயினாதீவு வள்ளத்தில் ஏறினாள். பக்கத்து வீட்டு யோகம்மாவை வீட்டில் இருத்திவிட்டு, வெள்ளிக்கிழமைகளில் அம்மனுக்கென்று சொல்லிப் போனாள். அங்கேயுள்ள புத்த விகாரைக்குப் போகும் தெற்குச் சிங்களப் பெண்கள் வெள்ளையுடுத்து வள்ளம் நிறைய இருப்பார்கள். அவர்கள் நடுவில் போய் நெருக்கிக்கொண்டு இருந்தாள். அவர்கள் இறங்குதுறையில் பனங்கட்டி வாங்கும்போது பின்னாலேயே நின்றாள். விலை கேட்கிற விதம், கூடிப்போச்சென்று முகம் சுளிக்கிற விதம், போகும்போது சுகம் விசாரிக்கிற விதம் எல்லாவற்றையும் காதில் வாங்கினாள். அவளுடைய உதடு அசைவதைக் கண்ட ஒருத்தி சிரித்துவிட்டு, அந்த வசனத்தை மெல்ல ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டினாள். ஏழு வெள்ளி போனாள். கோயிலில் நின்ற நேரத்தைவிடத் துறையில் நின்ற நேரம்தான் கூட. அம்மன் கோபித்திருக்க மாட்டாள்.

எட்டாம் கிழமை கட்டிலுக்கு முன்னால் நின்று, ஒரு றாத்தல் சீனி வேண்டுமென்று சிங்களத்தில் கேட்டாள்.

அரியநாயகத்தின் முகம் மலர்ந்தது. "வாங்கோ நங்கி, இருங்கோ" என்றார். தங்கச்சி என்று கூப்பிடுகிறார். வெயிலில் நடந்தா வந்தீர்கள் என்று கேட்டார், ஒரு பகிடி விட்டார். இந்த ஆளுக்கு இவ்வளவு இனிமையாகப் பேச வருமென்று அவளுக்கு முப்பத்தொரு வருசமாகத் தெரியாது. அன்றிலிருந்து தினமும் கடைக்குப் போனாள். மழை, நெல் விளைச்சல், ஊர்ப் புதினம் எல்லாம் கதைத்தார்கள். அப்படிச் சந்தோசமாக அவள் என்றும் இருந்ததில்லை. ஆனால் அந்தச் சந்தோசம் நங்கியுடையது, தன்னுடையதல்ல என்று சமைக்கும்போது நினைவு வரும்.

புரட்டாதியில் ஒருநாள் கேட்டே விட்டாள். "முதலாளிக்கு வீட்டில் ஆர் இருக்கிறார்கள்?"

"மனுசி இருக்கிறா, தீவில். நல்லம்மா."

அவர் அவள் பேரைச் சொன்னது அதுதான் முதல் தரம்.

"எப்படிப்பட்டவ?"

"நல்லவ. போனால் குசினிக்குள்ளே நிற்பா. என்ன கதைக்கிறதென்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் போகும்போது நாலு கதை யோசித்துக்கொண்டு போவேன். முகத்தைக் கண்டால் வாய் வராது. உங்களோடு கதைக்கிறமாதிரி அவவோடு வராது, நங்கி."

நல்லம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளால் ஏலவில்லை.

"மம நல்லம்மா" என்றாள். நான்தான் நல்லம்மா.

அவர் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்லப் போயிற்று. இடது கையால் சாறத்தை இழுத்துச் சரி செய்துகொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பினார்.

அடுத்த நாள் காலை தேத்தண்ணியோடு வந்து, கடை திறந்துவிட்டதா முதலாளி என்று சிங்களத்தில் கேட்டுப் பார்த்தாள். முந்தி ஊருக்கு வந்து நிற்கிற நாட்களில் நல்லம்மாவைப் பார்க்கிற விதமாகவே அவர் அவளைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கையை நீட்டித் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டார்.